கீழே விழுந்த வசனம்

1986-இல் பாளையங்கோட்டை விடுதியில், மூத்த மாணவர் ஒருவரின் கேசட்டில் அந்தப் பாட்டை முதலில் கேட்டேன். லெட் செப்பெலின் குழு 1976-இல் வெளியிட்ட 'பிரசென்ஸ்' தொகுப்பில் உள்ளது. 'நோபடிஸ் ஃபால்ட் பட் மைன்'. குற்றம் வேறு யாருடையதும் இல்லை, என்னுடையதுதான். பிசாசு இழுத்த இழுப்புக்குப் போய்விட்டு, முதுகில் ஏறிய குரங்கை இறக்க முடியாமல் தவிக்கிற ஒருவனின் புலம்பல். போதைப் பழக்கத்தைச் சொல்வதாகவே பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறார்கள். எழுதியவர்கள் ஜிம்மி பேஜ், ராபர்ட் பிளான்ட் என்று போட்டிருந்தது. அப்படியே நம்பினேன்.

மூலப் பாட்டு என் கைக்கு வரப் பத்து வருஷம் ஆயிற்று. 1927 டிசம்பர் 3-ஆம் தேதி, டெக்சாஸ் மாநிலத்து டல்லாஸ் நகரில் கொலம்பியா நிறுவனத்தார் பதிந்தது. பாடியவர் பிளைண்ட் வில்லி ஜான்சன். கறுப்பினத்தவர், சிறு வயதிலேயே பார்வை போனவர், தெருமுனையில் கித்தாரோடு நின்று சுவிசேஷப் பாட்டுப் பாடிப் பிழைத்தவர். அவர் பாட்டில் குரங்கும் இல்லை, போதையும் இல்லை. வீட்டில் வேதப்புத்தகம் இருக்கிறது, வீட்டார் வாசிக்கவும் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள், அதற்குப் பிறகும் நான் வாசிக்காமலிருந்து என் ஆத்துமா கெட்டுப்போனால் குற்றம் என்னுடையதே. இவ்வளவுதான் பாட்டு. சில இடங்களில் அடியை முடிக்காமல் குரலை நிறுத்திவிடுகிறார். மிச்சச் சொல்லைக் கித்தார் கம்பி சொல்லி முடிக்கிறது.

கண் தெரியாதவர், வாசிக்காமல் போனால் குற்றம் என்னுடையது என்று பாடுகிறார். அந்த இடத்தில் நான் பல நாள் நின்றுவிட்டேன்.

ஜெபமாகப் பிறந்த பாட்டை, ஜெபிக்காத ஒருவர் எடுத்துப் பாடினால் அது என்னவாகிறது? எங்கள் சபைப் பெரியவர்களைக் கேட்டால், எண்ணெய் இல்லாத விளக்கு என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுவார்கள். என்னால் அப்படிச் சொல்ல முடியவில்லை. பாவ அறிக்கையை இன்னொருவருக்காகச் சொல்ல முடியாது. 'என்' என்ற சொல்லை வாயில் எடுக்கிறவர் தன்னைத்தான் சொல்கிறார். பிளான்ட் பாடும்போது, தன்னைத் தானே ஆள முடியாத ஒருவனின் குரல் எனக்குக் கேட்கிறது. அதுவும் பொய்யல்ல. ஆனால் அந்தத் தொகுப்பில் ஜான்சனின் பெயரைப் போடாமல் விட்டது அநியாயம். குற்றத்தை ஒப்புக்கொள்கிற பாட்டிலேயே அது நடந்தது எனக்கு இன்றும் ஆறவில்லை.

1945-இல் டெக்சாஸின் போமான்ட் ஊரில் ஜான்சனின் வீடு எரிந்தது. போக வேறு இடமின்றி, எரிந்த வீட்டிலேயே ஈரப் படுக்கையில் படுத்து நோயில் விழுந்தார் என்று அவர் மனைவி ஏஞ்சலின் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அந்தச் செப்டம்பரில் இறந்துபோனார். இந்தச் சாவுக்கும் 'என் குற்றம்' என்று அவர் சொல்ல வேண்டுமா? கூடவே கூடாது. கறுப்பு மனிதனை ஒதுக்கி வைத்த ஊர் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். 'உன் குற்றம்தான்' என்று வசதியுள்ளவன் இல்லாதவனைப் பார்த்துச் சொன்னால் அது கொடுமை. இல்லாதவன் தன் வாயால் தன் ஆத்துமாவைக் குறித்துச் சொல்லும்போது வேறொன்று நடக்கிறது. கண் போயிற்று, காசு வந்ததும் இல்லை. ஆத்துமாவின் பொறுப்பை மட்டும் அந்த மனிதர் யார் கையிலும் கொடுக்கவில்லை. அந்தப் பாட்டில் நான் கேட்பது அந்த உரிமையை.

ஜான்சனின் அந்த இசைத்தட்டைத் திருப்பினால் மறுபக்கத்தில் 'டார்க் வாஸ் த நைட், கோல்ட் வாஸ் த கிரவுண்ட்'. அதே நாளில் பதிந்தது. தலைப்பு, தாமஸ் ஹாவைஸ் 18-ஆம் நூற்றாண்டில் எழுதிய கீர்த்தனையிலிருந்து வந்தது. பாடுபடுவதற்கு முந்தின இரவில் இயேசு குளிர்ந்த தரையில் விழுந்து ஜெபித்ததைப் பற்றியது. ஜான்சன் அதில் ஒரு வார்த்தைகூடப் பாடவில்லை. முனகல் மட்டும், அதன் பின்னாலேயே இழுபடும் கம்பி. 1977-இல் வாயேஜர் விண்கலங்களில் வைத்த பொன்முலாம் பூசிய தட்டில், கேசர்பாய் கேர்கரின் பைரவியோடு இந்த முனகலும் போயிருக்கிறது. வாயேஜர் 1 இன்று பூமியிலிருந்து 2,400 கோடி கிலோமீட்டருக்கும் அப்பால். ஒரு பக்கம் வேறு பெயர்களில் உலகம் சுற்ற, மறுபக்கம் விண்மீன்களுக்கு இடைப்பட்ட வெளிக்குள் போய்விட்டது.

அந்த முனகலை நான் முதல் தடவை கேட்டபோது புதிதாகவே இல்லை. கறுப்பினத்தவர் சபைகளில் தலைவர் ஒரு அடி சொல்ல, மற்றவர்கள் அதை நீட்டி இழுத்துப் பாடும் வழக்கம் உண்டு. எங்கள் ஊர்க் கோயிலிலும் எழுத்தறியாதவர்களுக்காக உபதேசியார் அடி எடுத்துக்கொடுப்பார். கிழவிகள் இழுப்பார்கள். என் ஆச்சி அவர்களில் ஒருத்தி. இயேசு ஜெபித்த அந்த இரவை நினைக்கும் பெரிய வியாழன் ஆராதனை முடிந்து வந்தால் அடுப்படியில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் அதே ராகத்தை முனகிக்கொண்டிருப்பாள்.

ஆச்சிக்குத் தன் பெயரை எழுதத் தெரியாது. தலைமாட்டில் வேதப்புத்தகம் இருக்கும். ராத்திரி ஒரு அதிகாரம் நான் வாசிக்க வேண்டும். பெரிய வியாழன் என்றால் லூக்கா 22, மொத்தம் 71 வசனம். பத்து வயதில் எனக்குத் தூக்கம் கண்ணைச் சொருகும். ஒருமுறை, ஒலிவமலையில் இயேசு ஜெபித்தபோது வியர்த்ததைச் சொல்லும் வசனத்தை வேண்டுமென்றே தாண்டி அடுத்ததற்குப் போனேன்.

"ஏலே, ஒரு வசனம் கீழ விழுந்துட்டுல்லா" என்றாள்.

நான் பக்கத்தைப் பார்த்தபடி பேசாமலிருந்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு, நான் விட்ட வசனத்தை ஒரு எழுத்து பிசகாமல் மெல்லச் சொன்னாள். சொல்லி முடித்துவிட்டு, "ம், மேல வாசி" என்றாள்.