வாயில் தேடி வரும் வாணிகம்

கடைக்குச் செல்லாமல், இருந்த இடத்திலிருந்தே பொருள் வாங்குவது நன்றா, தீதா? இவ்வினா இன்று நம் இல்லங்கள் பலவற்றில் எழுகின்றது. இளையோர் நன்று என்பர். முதியோர் சோம்பலுக்கும் ஆசைக்கும் வழி என்பர். நானும் நெடுநாள் முதியோர் பக்கமே நின்றேன். ஆயினும் மாணவர்க்கு, இருபுறமும் ஆராயாது முடிவு கூறலாகாது என்று கற்பித்தவள் நான். அந்நெறியை எனக்கே விலக்கிக் கொள்ளல் முறையன்று.

முதலில் ஒன்றைத் தெளிவோம். இம்முறை முற்றிலும் புதியதன்று. நம்மில் பலர் முன்னாளில் பதிப்பகத்துக்கு அஞ்சலட்டை எழுதி, நூல்களை வி.பி.பி. மூலம் வரவழைத்து, அஞ்சற்காரரிடம் பணம் செலுத்திப் பெற்றவர்களே. அன்று அஞ்சலட்டை செய்த வேலையை இன்று கைப்பேசி செய்கின்றது. விரைவும் அளவும் மிகுந்துள்ளன.

இதன் நன்மைகளுள் நம்மவர்க்கு மிக வேண்டியதொன்று உண்டு. கடையில் ஒரு பொட்டலத்தைக் கையிலெடுத்துப் பின்புறத்துப் பொடியெழுத்தைப் படிக்க முயன்றால் கண்ணும் ஒத்துழைப்பதில்லை. பின்னால் நிற்பவரும் பொறுப்பதில்லை. இணையவழியிலோ, விற்பவர் அப்பட்டியலின் படத்தை இட்டிருந்தால், அதனைப் பெரிதாக்கி நிதானமாகப் படிக்கலாம். எலும்பிலிருந்தும் தோலிலிருந்தும் எடுக்கப்படும் ஜெலட்டின் உள்ளதா, பூச்சியிலிருந்து பெறப்படும் 'இ 120' என்னும் சிவப்பு நிறமி உள்ளதா என்று அறியலாம். பச்சைப் புள்ளி இருந்தாற் போதுமே என்பார் உளர். நம் நாட்டின் 2020ஆம் ஆண்டு உணவுப்பொருள் முகப்புச்சீட்டு விதிகள், பாலைப் போலவே தேனையும் அசைவத்தில் சேர்க்கவில்லை. எனவே தேன் கலந்த பண்டமும் பச்சைப் புள்ளி பெறும். மது, ஊன், தேன் மூன்றையும் நீக்குதலை மூலகுணங்களுள் வைத்துப் போற்றும் நமக்குப் புள்ளி மட்டும் போதாது. பட்டியலைப் படித்தாக வேண்டும்.

அடுத்தது வாய்மை. பேரம் பேசுகையில், "அடுத்த கடையில் இதைவிடக் குறைவாகக் கொடுக்கிறார்கள்" என்று சொல்லாதார் நம்மில் எத்தனை பேர்? பெரும்பாலும் அது பொய்யென்று நாமே அறிவோம். விலை எழுதியபடியே நிற்குமிடத்தில் அப்பொய்க்கு இடமில்லை. ஐம்பது புடவைகளை விரிக்கச் செய்துவிட்டு வெறுங்கையோடு எழ நாணி, வேண்டாத ஒன்றை வாங்கி வரும் நிலையும் இல்லை. 2020ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகள், பொருளைத் திருப்புதல், பணம் மீளப் பெறுதல் ஆகியவற்றுக்குரிய நிபந்தனைகளை முன்னரே காட்டவேண்டும் என்கின்றன. முறையீடு வந்தால் 48 மணி நேரத்துள் பெற்றுக்கொண்டதைத் தெரிவித்து, ஒரு திங்களுக்குள் தீர்க்கவேண்டும் என்றும் பணிக்கின்றன.

இவ்வளவும் எண்ணி, இளையோர் பக்கம் சாய்ந்திருந்த காலத்தில் ஒரு நிகழ்ச்சி என்னைத் தடுத்து நிறுத்தியது. ஒரு சதுர்த்தசியன்று, என் வீடும் ஜினாலயமும் மட்டுமே எல்லை என்று தேசாவகாசிக விரதம் கொண்டிருந்தேன். நண்பகலில் பேரனின் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவள், ஒரு கம்பளிச் சால்வை கண்ணுக்கு இனிதாயிருக்கவே, அதனை அனுப்புமாறு பதிவு செய்யச் சொன்னேன். நான் வாயிற்படியைக் கடக்கவில்லை. ஆதலின் விரதத்துக்குக் குறைவில்லை என்றே எண்ணினேன். மாலையில் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தை ஓதுகையில், அவ்விரதத்தின் ஐந்து அதிசாரங்களுள் முதலாவது 'ஆனயனம்' என்று கண்டேன். எல்லைக்குப் புறத்தேயுள்ள பொருளை உள்ளே வரவழைத்தல் என்பது அதன் பொருள். இரண்டாவது, தான் போகாது பிறரை ஏவுதல். பலமுறை ஓதிய சூத்திரந்தான். அன்றுதான் அது என்னை நோக்கிப் பேசிற்று.

எல்லை வகுப்பது காலுக்கு மட்டுமன்று. எல்லைக்கு அப்பால் நம் பொருட்டு எவ்வுயிர்க்கும் துன்பம் நேராதிருக்க வேண்டும் என்பதே அதன் நோக்கம். நான் அமர்ந்திருக்க, எனக்காகக் கிடங்கில் ஒருவர் நிற்கின்றார். நெடுஞ்சாலையில் வண்டி ஓடுகின்றது. வெயிலில் ஓர் இளைஞர் மூட்டை சுமந்து வருகின்றார். கால் நின்றதே தவிர ஆசை நிற்கவில்லை.

உடனே பதிவை நீக்கச் சொன்னேன். மறுநாள் பெட்டியைத் திறந்து பார்த்தபோது, முன்னரே இரு சால்வைகள் இருந்தன. இவ்விடத்தில் மற்றொன்றையும் நேர்மையாகக் கூறவேண்டும். கடைக்குச் சென்று வாங்கியிருந்தால், அச்சால்வை இன்று மூன்றாவதாக அப்பெட்டியில் கிடந்திருக்கும். ஆசையை உள்ளே விட்ட அதே கதவு, அதனை வெளியேற்றவும் திறந்தே இருந்தது. எண்ணத்துக்கும் உடைமைக்கும் இடையே சிறிது காலம் கிடைப்பதே இம்முறையின் தலையாய நன்மை என்று இப்போது கருதுகின்றேன்.

அந்த இடைவெளியைப் பறிக்க முயல்வாரும் உளர். "இன்னும் இரண்டே உள்ளன", "இன்னும் பத்து நிமிடமே" என்னும் பொய் அவசரத்தை, 2023ஆம் ஆண்டு நடுவண் அரசு வெளியிட்ட நெறிமுறைகள் விலக்கத்தக்க ஏமாற்று வழிகள் பதின்மூன்றனுள் ஒன்றாக வைத்துள்ளன. சட்டம் வணிகரைத் தடுக்கலாம். நம் மனத்தை நாமே தடுக்கவேண்டும்.

ஆதலின் எனக்கு நானே சில வரையறைகள் செய்துகொண்டேன். விரத நாளில் எதனையும் வரவழைப்பதில்லை. மற்ற நாள்களில் தேர்ந்த பொருளை ஓரிரவு கூடையிலேயே வைத்து, காலையில் மீண்டும் பார்த்து முடிவு செய்கின்றேன். உப்பும் பருப்பும் தெருமுனைக் கடையிலேயே வாங்குகின்றேன். கையில் பணமில்லாத நாளில் கணக்கில் எழுதிக்கொண்டு கொடுத்தவர் அவர். பொருள் கொண்டுவரும் இளைஞருக்கு ஒரு குவளை நீர் தருகின்றேன். விரைந்து வரவில்லையே என்று கடிந்துகொள்வதில்லை.

கடைத்தெருவிலும் ஆசை உண்டு, கைப்பேசியிலும் உண்டு. எங்கு வாங்கினோம் என்பதைவிட, வேண்டிய அளவு எது என்பதை வாங்குமுன் வரைந்துகொண்டோமா என்பதே நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்ளவேண்டிய வினாவாகும்.