கூடாரமும் கூரையும்

கூரை உள்ள ஒருவன் அக்கூரையை விட்டு நீங்கி, வெறும் மண்மீது துணி விரித்துப் படுக்க விரும்புவது அறமா, ஆடம்பரமா, அன்றி இரண்டிலும் சேராத பொழுதுபோக்கா? காஜாங் வட்டாரத்தில் வெள்ளிக்கிழமை மாலைகளில் வீட்டு வாயில்களில் எழும் வினா இது.

வேலை முடிந்து வந்த இளைஞர், மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் கூடாரப் பையையும் சிறிய எரிவாயு அடுப்பையும் அரிசிப் பொட்டலத்தையும் ரப்பர்க் கயிற்றால் இறுக்கிக் கட்டுகின்றனர். சிலர் செமினி வழியே சுங்கை தெக்காலாவுக்கும், சிலர் பதினான்காம் கட்டையைக் கடந்து சுங்கை சொங்காக்குக்கும் செல்வர். வளைவுகளை விரும்புவோர் கெந்திங் பெராஸ் மலைவழி ஏறி நெகிரி செம்பிலானின் குவாலா கிளாவாங் வரை போய்த் திரும்புவர். ஆண்டு விடுமுறையைச் சேர்த்து வைத்துத் தாய்லாந்துக்குச் செல்வோரும் உண்டு. பிரான்சு நாட்டின் ஆற்றங்கரைகளில் கூடாரம் அடித்து ஊர் ஊராய்ச் செல்லும் நாளைக் கனவு காண்போரும் உண்டு.

"ஏன் தம்பி, மெத்தை இருக்கக் காட்டில் போய்ப் படுக்க உனக்கு என்ன வேண்டுதல்?" என்று வீட்டு மூதாட்டி கேட்பாள். "சும்மா தான் பாட்டி" என்பான் பேரன். கேட்பவளின் சொல்லில் ஒரு மெய்யியல் இருக்கிறது. விடையளிப்பவனின் சொல்லில் அஃது இன்னும் பிறக்கவில்லை. துன்பத்தை வலிய ஏற்பதைத் தமிழர் அறியாதவர் அல்லர். தைப்பூசத்தன்று பத்துமலையின் 272 படிகளைக் காவடி சுமந்து வெறுங்காலுடன் ஏறுவோரில் அம்மூதாட்டியும் ஒருத்தியாக இருந்திருப்பாள். ஆயினும் அத்துன்பத்திற்கு ஒரு முகவரி உண்டு. நோயுற்ற குழந்தைக்காக, பிழைத்து வந்த கணவனுக்காக, கொடுத்த வாக்குக்காக ஏற்கப்பட்ட துன்பம் அது. முகவரியற்ற துன்பம் அவளுக்கு விளங்கவில்லை. விளங்காமற் போனதற்கு அவளுடைய அறியாமை காரணம் அன்று. அவளுடைய வரலாறே காரணம்.

காஜாங் என்னும் பெயரைச் சற்று நோக்குவது ஈண்டுப் பொருந்தும். மலாய் மொழியில் அச்சொல், தாழையோலையை ஒத்த ஓலைகளைப் பின்னிப் படகின்மேலும் வண்டியின்மேலும் கவிக்கும் கூரையைக் குறிக்கும். ஊர்ப்பெயர் வந்த வரலாற்றைப் பலவாறு கூறுவர். வந்தேறியோர் அத்தகைய ஓலைக்கூரையின்கீழ்த் தங்கியமையே காரணம் என்பதும் அவற்றுள் ஒன்று. பயணியின் கூரையைப் பெயராகச் சுமக்கும் ஊரில் கூடாரத்தைப் பற்றிய வழக்கு எழுவது வியப்பன்று.

அவ்வழக்கில் மூத்தோர் பக்கத்துச் சான்றுகள் வலியவை. 1926 முதல் 1970களின் தொடக்கம் வரை தமிழகத்திற்கும் மலாயாவுக்கும் இடையே ஓடிய ரஜுலா கப்பலை நினைத்துப் பார்க்கலாம். ஏழைப் பயணிகளுக்கு அதில் அறை இல்லை. மேல்தளத்தில் பாய் விரித்து, மூட்டையைத் தலையணையாக்கி, வங்கக் கடலைக் கடந்தார்கள். கரையேறியபின் காஜாங் வட்டாரத்தின் காப்பித் தோட்டங்களிலும், பின்னர் ரப்பர்த் தோட்டங்களிலும் லயத்து வீடுகள் கிடைத்தன. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, இருட்டோடு மரத்துக்குப் போன வாழ்க்கை அது. மழை பெய்தால் பால் எடுக்க இயலாது. பால் இல்லையேல் அன்றைய கூலி இல்லை. பேரன் கூடாரத் துணியின்மேல் விழும் மழையோசையை இன்பம் என்கிறான். பாட்டி அதே ஓசையைக் கேட்டுக் கடைக் கணக்கை நினைத்தவள். ஒரே மழை இருவர் காதில் இரண்டாக ஒலிப்பதை மறந்து இவ்வினாவுக்கு விடை காண முடியாது.

இதனினும் கொடியது 1942, 1943ஆம் ஆண்டுகளில் நிகழ்ந்தது. சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் நீள இருப்புப்பாதைக்காக மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை ஜப்பானியப் படையாட்சி கொண்டுசென்றது. காட்டில், மூங்கிற் குடிசையில், ஒழுகும் கூரையின்கீழ், வாந்திபேதிக்கும் மலேரியாவுக்கும் நடுவே அவர்கள் கிடந்தனர். மிகப் பலர் திரும்பவில்லை. காட்டில் இரவு தங்குதல் என்னும் தொடரே சில குடும்பங்களில் நெடுங்காலம் உச்சரிக்கப்படாத தொடராக இருந்தது. அக்குடும்பங்களில் ஒன்றிலிருந்து புறப்படும் இளைஞன், தான் எந்தச் சொல்லை விளையாட்டாக எடுத்தாளுகிறான் என்பதை அறிந்து புறப்படுதல் நன்று.

ஆயினும், முன்னோர் பட்ட துன்பத்தைக் காட்டி இளையோரின் பயணத்தைத் தடுப்பது நேரிய வாதம் ஆகுமா? பட்டினி கிடந்தவரின் பேரன் நோன்பிருக்கக் கூடாது என்று எவரும் சொல்வதில்லை. இங்கே தெளிவு தருவது சிலப்பதிகாரம். புகாரிலிருந்து மதுரைக்கு மூவர் நடக்கின்றனர். வழி ஒன்றே, வெயில் ஒன்றே, காலில் தைக்கும் கல்லும் ஒன்றே. கோவலன் இழந்த பொருளை மீட்க நடக்கிறான். கண்ணகி கணவன் நடப்பதால் நடக்கிறாள். கவுந்தியடிகளோ எந்த நெருக்கடியும் இன்றி, மதுரையில் அறவுரை கேட்கும் விருப்பத்தால் தாமே உடன் நடக்கிறார். வழியில் அவர்களைக் கண்ட ஒருவன் மூவரையும் ஒருதன்மைத்தான வழிப்போக்கர் என்றே எண்ணியிருப்பான். உடல் படும் பாட்டை மட்டும் அளப்பவனுக்கு வலிய ஏற்ற துன்பமும் வந்து விழுந்த துன்பமும் வேறுபடுவதில்லை.

வேறுபாடு பின்னால் இருக்கும் கதவில் இருக்கிறது. ஒருவன் திரும்பிச் சென்று தட்டினால் திறக்கும் கதவு இருக்குமானால் அவனுடைய பயணம் விருப்பம். அக்கதவு இல்லையேல் அதே பயணம் விதி. கூடாரத்தில் உறங்கும் இளைஞனுக்கு ஞாயிறு மாலையில் காஜாங்கில் கதவு திறக்கும். குளிக்க வெந்நீர் இருக்கும். திங்களன்று வேலை இருக்கும். இதை அவன் மறைக்க வேண்டியதில்லை. ஆனால் இரண்டு இரவு ஈரத்தில் படுத்துவிட்டு, "ஏழையின் வாழ்க்கையை அறிந்துகொண்டேன்" என்று சொல்வானாயின், அச்சொல் பொய். ஏழ்மையின் முதன்மையான வேதனை ஈரம் அன்று. நாளையும் ஈரமாக இருக்கும் என்ற உறுதியே அது. அவ்வுறுதியை விலைகொடுத்து வாங்கிய எந்தக் கூடாரத்துக்குள்ளும் பெற முடியாது. நல்ல கூடாரம் ஒன்றின் விலை ஓர் ஏழைக் குடும்பத்தின் மளிகைச் செலவை விஞ்சும் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும்.

கதவு இல்லாத பயணத்திற்குச் சான்று தேடித் தொலைதூரம் போக வேண்டுவதில்லை. காஜாங்குக்கு மேற்கே பெராங் பெசார் தோட்டம் இருந்தது. முதல் உலகப் போரில் பணியாற்றிய ஆங்கிலப் படை அலுவலர்கள் 1921இல் உருவாக்கியமையால் 'பெரும்போர்' என்னும் பொருளில் அப்பெயர் பெற்றது. ரப்பர் உலகம் நன்கறிந்த பி.பி. வகை மரங்கள் அத்தோட்டத்தின் பெயரெழுத்துகளையே தாங்கியவை. 1990களின் நடுவில் அத்தோட்டமும் அண்டைத் தோட்டங்களும் புத்ராஜெயா நகருக்காக எடுக்கப்பட்டன. பெராங் பெசார், காலோவே, மெடிங்லி, செட்ஜ்லி ஆகிய நான்கு தோட்டங்களின் தொழிலாளர் குடும்பங்கள் டிங்கில் பகுதியின் அடுக்குமாடிக்குப் பெயர்ந்தன. அவர்கள் புதிய கூரைக்கே சென்றார்கள் என்று வாதிடுவோர் உளர். கூரை கிடைத்தது மெய்தான். திரும்பிச் சென்று தட்டக்கூடிய கதவு அவர்களுக்கு இல்லை. அவர்களின் லயம் இருந்த மண்மேல் இன்று ஏரியும் அகன்ற சாலைகளும் அரசு மாளிகைகளும் நிற்கின்றன. மோட்டார் சைக்கிள் இளைஞர்கள் அச்சாலைகளின் அழகைப் புகழ்ந்தவாறு கடந்து செல்கின்றனர்.

இவ்வளவும் சொன்னபின் இளைஞன் பக்கத்து நீதியையும் சொல்லாமல் விடுவது முறையன்று. ஓய்வு என்பது செல்வரின் தனிச்சொத்தாக இருந்த காலம் ஒன்றுண்டு. பிரான்சு நாட்டில் 1936ஆம் ஆண்டுதான் தொழிலாளர் அனைவருக்கும் ஊதியத்துடன் இரண்டு வார விடுமுறை சட்டமாயிற்று. வேலைநிறுத்தங்களின் அழுத்தத்தால் கிடைத்த சட்டம் அது. அவ்வாண்டுக் கோடையில் ஆலைத் தொழிலாளர் மிதிவண்டிகளிலும் இருவர் மிதிக்கும் வண்டிகளிலும் கூடாரத் துணியைக் கட்டிக்கொண்டு புறப்பட்டனர். பலர் வாழ்நாளில் முதன்முறையாகக் கடலைக் கண்டனர். விடுதிக்குக் கொடுக்கப் பணம் இல்லாமையால் கூடாரம் அவர்களுக்கு வாய்த்தது. ஆயினும் அதில் அவர்கள் அடிமைகளாக உறங்கவில்லை. மலேசியாவிலும் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டம், ஓராண்டு பணியை நிறைவு செய்த தொழிலாளிக்கு ஊதியத்துடன் குறைந்தது 8 நாள் ஆண்டு விடுமுறையை உரிமையாக்கியுள்ளது. பெரட்டுக்கு நின்ற பாட்டிக்குக் கிட்டாத ஒன்று, 'சும்மா' இருக்கும் உரிமை, பேரனுக்குக் கிட்டியிருக்கிறது. அவன் சொன்ன 'சும்மா தான்' என்னும் விடையை அவ்வாறு நோக்கினால், அது அத்துணை வெறுமையான விடை அன்று.

மோட்டார் சைக்கிளுக்கு இதில் தனி இடம் உண்டு. மகிழுந்தில் செல்பவன் தன் கூரையையும் உடன் கொண்டு செல்கிறான்; கண்ணாடியை ஏற்றிவிட்டால் ஊரும் மழையும் அவனுக்கு வெளியே. மோட்டார் சைக்கிளில் செல்பவனுக்கு அந்தக் கண்ணாடி இல்லை. மாலை மழை பிடித்துக்கொண்டால் மேம்பாலத்தின் அடியில் ஒதுங்குகிறான். அங்கே உணவு கொண்டுசெல்லும் இளைஞனும், தொழிற்சாலையின் இரவுப் பணிக்குப் போகும் பெண்ணும், நாள் முழுதும் சுவர் பூசிய வங்காளதேசத் தொழிலாளியும் நிற்கின்றனர். அவர்களுக்கு அதே வண்டி வயிற்றுப்பாடு; இவனுக்கு உல்லாசம். நனைவது மட்டும் பொது. அந்த அரைமணி நேரத்தில் ஒருவரோடொருவர் பேச நேர்ந்தால், யார் எதற்காக நனைகிறார் என்பது வெளிப்படும். பேசாமல் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு நிற்பவனுக்கு அதுவும் இல்லை.

கவுந்தியடிகள் மீண்டும் இங்கே தேவைப்படுகிறார். கோவலன் கொலையுண்டதையும் கண்ணகியின் அழிவையும் கேட்டபோது அவர், தாம் வழித்துணையாக வந்தவர் மட்டுமே என்று ஒதுங்கியிருக்கலாம். துறவிக்கு அது பொருந்தும் சமாதானமே. ஆனால் உண்ணாநோன்பிருந்து உயிர் துறந்தார் என்கிறது காப்பியம். விருப்பத்தால் நடந்தவர், விதியால் நடந்தவர்களோடு தம்மைப் பிணைத்துக்கொண்டார். உயிர் துறப்பதைப் பின்பற்றத் தக்கதாக எவரும் இன்று கூறார். அப்பிணைப்பே ஈண்டுக் கருதத் தக்கது. வலிய ஏற்ற துன்பம், அத்துன்பத்தை விரும்பாமலே சுமப்பவரிடம் ஒருவனைக் கொண்டுசேர்க்குமாயின் அதற்கு முகவரி கிடைத்துவிடுகிறது. அங்குச் சேர்க்காவிட்டால், கூடாரம் விலையுயர்ந்த விளையாட்டுப் பொருளாகவே நிற்கும்.

காடும் யாருக்கும் அரங்கம் அன்று. ஹுலு லங்காட் காடுகள் தெமுவான் பழங்குடியினர்க்கு வாழிடம். நகரத்தான் 'வெளி' என்று எண்ணிக் கூடாரம் அடிக்கும் இடம் மற்றொருவரின் வீட்டு முற்றமாக இருக்கக்கூடும். நிரந்தர வனக்காப்பகத்துள் நுழைய 1984ஆம் ஆண்டுத் தேசிய வனச்சட்டம் அனுமதி கேட்பதை, இளைஞர் பலர் அலுவலகத் தொல்லை என்று ஏசுவர். 2022 டிசம்பர் 16ஆம் நாள் பின்னிரவில் பத்தாங் காலியில் மலைச்சரிவு இடிந்து, உரிமம் பெறாத கூடாரத் திடல் ஒன்றில் உறங்கிக்கொண்டிருந்தோர்மேல் விழுந்தது. குழந்தைகள் உட்பட 31 பேர் மாண்டனர். பள்ளி விடுமுறைக்கு வந்த குடும்பங்கள் அவை. காலையில் திரும்பிச் செல்லக் கதவு உண்டு என்று நம்பித்தான் அவர்களும் படுத்தனர். விருப்பத்திற்கும் விதிக்கும் இடையே உள்ள சுவர் அவ்வளவு மெல்லியது.

இத்தகைய பயணத்திற்குத் தமிழில் பழைய இலக்கணம் ஒன்றிருக்கிறது. பத்துப்பாட்டுள் ஒன்றாகிய மலைபடுகடாம், நன்னனிடம் பரிசில் பெற்றுத் திரும்பும் கூத்தன், எதிரே வரும் வேறொரு கூத்தனுக்கு வழி சொல்வதாக அமைந்தது. பரிசிலின் பெருமையை மட்டும் அவன் பேசவில்லை. பன்றிக்கு வைத்த பொறி எங்கே இருக்கும், தினைப்புனக் காவலர் யானையை விரட்டக் கவண்கல் எறியும் இடத்தை எப்படிக் கடப்பது, எந்தக் குடியிருப்பில் எத்தகைய உணவு கிடைக்கும் என்றெல்லாம் கூறுகிறான். தான் பெற்றதைப் பின்வருபவன் பெறவேண்டும் என்பதோடு, தான் தப்பிய இடரில் அவன் சிக்கக் கூடாது என்பதும் அவன் கவலை. பயணி பட்ட கடனை விருந்தளித்தவரிடம் முழுமையாகத் தீர்க்க முடியாது. எதிரே வருபவனிடம்தான் தீர்க்க முடியும்.

ஞாயிறு மாலை பதினான்காம் கட்டையின் தேநீர்க் கடையில் நிறுத்தும் இளைஞர், அங்கே மலையேறப் புறப்படும் வேறொரு கூட்டத்தைக் காண்பது வழக்கம். பெரும்பாலும் வண்டியைப் பற்றியும் படங்களைப் பற்றியுமே பேச்சு நடக்கிறது. மேலே மழை பிடித்திருக்கிறது, ஆற்று நீர் கலங்கி வருகிறது, கரையோரத் தாழ்ந்த மணலில் கூடாரம் அடிக்காதீர்கள், மூன்றாம் வளைவில் மண் சரிந்திருக்கிறது, பாலத்தருகே உள்ள பழங்குடிக் குடும்பத்திடம் கேட்காமல் தோட்டத்துக்குள் நுழையாதீர்கள் என்று சொல்பவர் மிகச் சிலர். கேட்பவர் அவரினும் சிலர்.