பிழைக்கும் பாத்தியதை உண்டு

விண்டோஸ் 95 வெளிவரும் முன்பு, சோதனையில் ஒரு சிக்கல் தலைகாட்டியது. பழைய விண்டோஸில் ஒழுங்காக ஓடிய 'சிம்சிட்டி' விளையாட்டு புதியதில் படுத்துக்கொண்டது. தேடிப் பார்த்தால் குற்றம் விளையாட்டின் மேல். நினைவகத்தில் ஓர் இடத்தை 'இனி வேண்டாம்' என்று திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்த கணமே அதே இடத்தில் கைவைத்துப் படித்தது அது. பழைய விண்டோஸில் அந்த இடம் அப்படியே கிடந்ததால் யாருக்கும் தெரியவில்லை. புதிய விண்டோஸ் அந்த இடத்தை உடனே வேறு வேலைக்குக் கொடுத்தது; குட்டு வெளிப்பட்டது.

மைக்ரோசாஃப்ட் நிரலாளர்கள் விளையாட்டைத் திருத்தச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதற்குள் அந்த விளையாட்டின் வட்டுகள் ஊரெங்கும் வீடுகளுக்குப் போய்ச் சேர்ந்திருந்தன. ஆகவே அவர்கள் விண்டோஸைத் திருத்தினார்கள். அதற்கு இட்ட கட்டளை இதுதான்: ஓடுவது சிம்சிட்டிதானா என்று பார். ஆமென்றால், திருப்பிக் கொடுத்த இடத்தையும் கொஞ்சம் விட்டுவை. ஊரான் செய்த பிழைக்கு இயங்குதளமே இடம்கொடுத்த கதை இது. மென்பொருள் உலகின் வழக்குகளை எழுதிய ஜோயல் ஸ்போல்ஸ்கி, அந்த விளையாட்டை விண்டோஸுக்கு எழுதிய ஜான் ராஸ் சொல்லக் கேட்டு இதைப் பதிவுசெய்திருக்கிறார்.

இன்னொன்றும் நடந்தது. விண்டோஸ் 95இன் உண்மையான பதிப்பு எண் 4.0. ஆனால் பழைய நிரல்கள் கேட்டால் அது தன்னை 3.95 என்று சொல்லிக்கொண்டது. காரணம் எளிது. 'குறைந்தது 3.10 இருக்கிறதா?' என்று சோதிக்க வேண்டிய பல நிரல்கள், புள்ளிக்கு முன்னுள்ள எண்ணையும் பின்னுள்ள எண்ணையும் தனித்தனியே ஒப்பிட்டன. நான்கு மூன்றைவிடப் பெரிது, சரி. பூஜ்யம் பத்தைவிடச் சிறிது, எனவே 'இது பழைய விண்டோஸ், ஓட மாட்டேன்' என்று முறுக்கிக்கொண்டன. அவற்றோடு வாதாடிப் பயனில்லை என்று கண்டவர்கள் விண்டோஸை ஒரு பொய் சொல்ல வைத்தார்கள். வள்ளுவர் இடம்கொடுத்த வகைப் பொய்தான்.

இதில் வியாபாரம் உண்டு என்பதை மறைக்க வேண்டாம். புதிய விண்டோஸைப் போட்டதும் விளையாட்டு நின்றால், வாங்கியவர் விண்டோஸைத்தான் திட்டுவார். ஆனால் வியாபாரக் கணக்கோடு இது முடிந்துவிடவில்லை. பழைய மென்பொருளை விடாமல் வைத்திருப்பவர் யார், ஏன் வைத்திருக்கிறார் என்று பார்த்தால் இது புரியும்.

தமிழ்ப் பதிப்புத் துறையையே எடுத்துக்கொள்ளலாம். அடோபியின் பேஜ்மேக்கர் 7.0 வந்தது 2001இல். அதுவே அதன் கடைசிப் பெரும் பதிப்பு. யூனிகோடு அதற்குத் தெரியாது. ஆங்கில எழுத்துகளின் இடங்களில் தமிழ் வடிவங்களை உட்காரவைத்த பழைய எழுத்துருக்களில், எத்தனையோ நூல்கள் அந்த மென்பொருளில் பக்கம் கட்டப்பட்டன. அந்தக் கோப்பிலிருந்து வரிகளை எடுத்து வேறிடத்தில் ஒட்டினால் புரியாத ஆங்கிலக் குப்பைதான் தெரியும். மறுபதிப்புக்காக ஒரு டிடிபி மையத்தின் மூலையில் பழைய கணினி ஒன்று அணைக்கப்படாமல் இருந்தால், அங்கே இருப்பவர் புதுமைக்கு எதிரி என்று பொருளல்ல. அவருடைய உழைப்பு முழுவதும் அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது. மாற்று மென்பொருளுக்குக் காசு கொடுத்துவிடலாம். செய்து முடித்த வேலையை மறுபடி வாங்க எந்தக் கடையும் இல்லை.

நிரலாளர்களிடையே ஹைரம் ரைட் பெயரால் வழங்கும் ஒரு விதி உண்டு. பயன்படுத்துவோர் பெருகிவிட்டால், நீங்கள் எழுத்தில் என்ன உறுதியளித்தீர்கள் என்பது பொருட்டல்ல. உங்கள் அமைப்பு வெளியே காட்டும் எந்த நடத்தையையும் யாரோ ஒருவர் நம்பிப் பிழைத்துக்கொண்டிருப்பார். அவர் நம்பியிருப்பது உங்கள் பிழையாகவும் இருக்கலாம்.

நிலத்தில் இந்த நியாயம் நமக்குப் பழக்கமானது. ஒருவருடைய வயல் வழியே மற்றவர் வெளிப்படையாக, தடையின்றி, உரிமையென்றே கருதி 20 ஆண்டுகள் நடந்து வந்தால், இந்தியாவின் 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டப்படி அது வழிநடைப் பாத்தியதை ஆகிவிடுகிறது. நிலக்காரர் வாக்குக் கொடுத்ததில்லை, பத்திரம் எழுதியதில்லை. நடக்க விட்டார், அவ்வளவுதான். ஒருநாள் முள்வேலி போட நினைத்தால், நடந்த கால்கள் சாட்சிக்கு வந்து நிற்கும்.

அப்படியானால் எல்லாப் பழைய தடங்களையும் என்றென்றைக்கும் திறந்தே வைக்க வேண்டுமா? அதற்கும் விலை உண்டு. 2017 மே மாதம் 'வான்னாகிரை' என்ற பணயத் தீநிரல் உலகெங்கும் கணினிகளைப் பூட்டியபோது, பிரிட்டனில் மருத்துவமனைகளே தடுமாறின. அது நுழைந்த வாசல், 1980களில் வேர்கொண்ட எஸ்எம்பி என்ற கோப்புப் பகிர்வு முறையின் முதல் பதிப்பு. அதைக் கைவிடுங்கள் என்று மைக்ரோசாஃப்டே அதற்கு முன்பு சொல்லியிருந்தது. ஆனாலும் பழைய சாதனங்களுக்காக வாசல் திறந்தே இருந்தது. ஒருவருடைய வசதிக்காக விட்டுவைத்த வழியில் எல்லார் வீட்டுக்கும் திருடன் வந்தான்.

ஆப்பிளின் போக்கு வேறு. 2006இல் இன்டெல் சில்லுக்கு மாறியபோது, பழைய நிரல்கள் ஓட 'ரொசெட்டா' என்ற பாலம் போட்டது. 2011இல் அதை எடுத்துவிட்டது. 32 பிட் நிரல்களுக்கு 2018லேயே திரையில் எச்சரிக்கை காட்டி, 2019இல் 'கேட்டலினா' என்ற இயங்குதளப் பதிப்போடு கதவைச் சாத்தியது. பலருக்குக் கசந்தது. ஆனாலும் நாளும் பாலமும் கொடுத்துவிட்டுத்தான் சாத்தினார்கள். நிறுவனங்கள் சாத்திய இடங்களில் வெளியார் வந்து திறந்ததும் உண்டு. 1993இல் தொடங்கிய 'வைன்' விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டுகிறது. 'டாஸ்பாக்ஸ்' பழைய டாஸ் கணினியையே ஒரு சாளரத்துக்குள் எழுப்பித் தருகிறது. பழையதற்குத் தனி அறை கொடுத்தால் அதுவும் வாழும், வீடும் பத்திரமாக இருக்கும்.

இவை எல்லாவற்றிலும் ஒரே நியாயம் ஓடுகிறது. பழைய நிரல் மாறாது. எழுதியவர் வேறு வேலைக்குப் போயிருப்பார், நிறுவனம் மூடியிருக்கும், மூல நிரல் தொலைந்திருக்கும். மாறும் வலு புதியதிடம் மட்டுமே இருக்கிறது. எனவே பொறுப்பும் அதனிடமே சேர்கிறது. குற்றம் யாருடையது என்ற கேள்வி இங்கே உதவாது; சிம்சிட்டியில் அதற்கு விடை தெரிந்தபிறகும் வளைந்தது விண்டோஸ்தான். முதியவரோடும் புதியவரோடும், அலுவலகத்திலும் குடும்பத்திலும், நாம் பெரும்பாலும் அந்தக் கேள்வியிலேயே நின்றுவிடுகிறோம். நாம் வாய்திறந்து சொன்னது மட்டும் நம் கடன் அல்ல; நம்மை நம்பி ஒருவர் தன் நாட்களை எதன்மேல் கட்டிக்கொள்ள விட்டோமோ, அதுவும் நம் கடனே. வளைய முடிந்தவர் வளைய வேண்டும். வளைய முடியாத நாள் வந்தால், முன்கூட்டியே சொல்லி, மாற்று வழி காட்டிய பிறகுதான் கதவில் கைவைக்க வேண்டும்.