நல்லவர்களின் தூக்குமரம்

கதை எழுதிப் பழகியவனுக்கு ஒரு கெட்ட வழக்கம் உண்டு. எந்தச் சரித்திரத்தைப் படித்தாலும், 'இதில் கொடியவன் யார்?' என்று தேடத் தொடங்கிவிடுவான். அமெரிக்காவின் கீழ்க்கரையில் பியூரிடன்கள் அமைத்த மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் வரலாற்றைப் படித்தபோது நானும் தேடினேன். தூக்குமரம் இருந்தது, அதில் தொங்கியவர்கள் இருந்தார்கள். கொடியவன் மட்டும் அகப்படவில்லை.

1630-இல் ஜான் வின்த்ராப்பின் தலைமையில் கப்பலேறிய அந்த மக்கள் பொன்னாசை பிடித்துப் போனவர்கள் அல்லர். 'அரசாங்கம் சொல்லுகிறபடி கும்பிடு' என்றது இங்கிலாந்து. 'ஆண்டவன் சொல்லுகிறபடிதான் கும்பிடுவோம்' என்றார்கள் இவர்கள். அதற்காக வீடு, நிலம், சுற்றம் எல்லாவற்றையும் துறந்து கடல் கடந்தார்கள். போன ஆறாம் ஆண்டிலேயே ஒரு கல்லூரிக்குப் பணம் ஒதுக்கினார்கள், அதுதான் ஹார்வர்டு. ஐம்பது குடும்பம் உள்ள ஊரில் பிள்ளைகளுக்கு எழுதப் படிக்கக் கற்பிக்க ஓர் ஆசிரியர் இருந்தே தீரவேண்டும் என்று 1647-இல் சட்டம் செய்தார்கள். வேதத்தைத் தானே படிக்கத் தெரியாதவனைச் சைத்தான் எளிதில் ஏமாற்றிவிடுவான் என்பது அவர்கள் கவலை.

ஆனால் ஆள்பவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமையோ, 1631 முதல், திருச்சபையில் சேர்ந்த ஆண்களுக்கு மட்டுமே. 1659-இல் கிறிஸ்துமஸ் கொண்டாடுகிறவனுக்கு ஐந்து ஷில்லிங் அபராதம் விதித்தார்கள். வேதத்தில் சொல்லாத பண்டிகையாம்! சிரித்துக்கொண்டே பக்கத்தைப் புரட்டினேன். சிரிப்பு நின்றுவிட்டது.

1637-இல் லண்டனில் பியூரிடன்கள் மூவரைப் பொது இடத்தில் நிறுத்திக் காதை அறுத்தார்கள். ஆயர்களைக் கண்டித்து எழுதியதுதான் அவர்கள் செய்த குற்றம். இருபத்தோரு ஆண்டு கழித்து, 1658-இல், பாஸ்டன் நகரில் குவேக்கர்கள் மூவருக்கு வலக் காது அறுபட்டது. இம்முறை கத்தி பியூரிடன்களின் கையில்! ஒவ்வோர் உள்ளத்திலும் இறைவனின் ஒளி உண்டு என்று நம்பியவர்கள் அந்தக் குவேக்கர்கள். துரத்தியபின் திரும்பி வந்தால் அவர்களுக்கு மரணம் என்று அந்த ஆண்டே சட்டமும் பிறந்தது.

மேரி டையர் திரும்பி வந்தார். பிள்ளைகளைப் பெற்ற தாய்; ஒரு காலத்தில் அதே பாஸ்டன் திருச்சபையின் உறுப்பினர். 1659 அக்டோபர் 27 அன்று தோழர்கள் இருவரோடு அவரைத் தூக்குமரத்துக்கு நடத்திச் சென்றார்கள். அவர்கள் பேச்சு ஜனங்களின் செவியில் விழாதபடி முரசு கொட்டினார்கள். தோழர்கள் இருவரும் அவர் கண்ணெதிரே மாண்டார்கள். அவர் கழுத்திலும் கயிற்றை மாட்டி, முகத்தை மூடிய பிறகு, தண்டனையை நிறுத்தியதாக அறிவித்துக் கீழே இறக்கினார்கள். முன்பே முடிவு செய்திருந்த நாடகம் அது. போனவர் அடுத்த ஆண்டே மறுபடி வந்தார். 1660 ஜூன் 1 அன்று உண்மையாகவே தூக்கிலிட்டார்கள்.

அந்த முரசைத்தான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். தன் கட்சியே மெய் என்று நம்புகிறவன் ஒரு பெண்ணின் பேச்சுக்கு ஏன் முரசு கொட்டவேண்டும்?

அவர்களிடம் கேட்டால் பதில் வைத்திருப்பார்கள். 'கொலைகாரன் உடலைத்தான் கொல்கிறான். பொய்ப் போதகன் ஆன்மாவையே கொல்கிறான். ஊரைக் காக்க வேண்டியவன் சும்மா இருக்கலாமா?' நாமோ வேறொரு பதிலை எளிதாகச் சொல்லிவிடுகிறோம்: 'நம்பிக்கை முற்றினால் அப்படித்தான். கொஞ்சம் தளர்த்திப் பிடித்தால் வம்பில்லை.' நானும் நெடுங்காலம் அப்படியே எண்ணியிருந்தேன். அந்த எண்ணத்தைக் கெடுத்தவர் ரோஜர் வில்லியம்ஸ்.

அவர் பியூரிடன்களிலும் கடும் பியூரிடன். இங்கிலாந்துத் திருச்சபையோடு முற்றிலும் உறவை முறிக்காதவர்கள் என்று பாஸ்டன் சபைக்கே போதகராக மறுத்தவர். அத்தனை கறாரான மனிதர், மனிதனுக்கும் ஆண்டவனுக்கும் உள்ள கடமையில் நீதிபதிக்கு வேலையில்லை என்றார். அடித்துக் கும்பிட வைத்தால் அது கும்பிடாகாது, ஆண்டவன் சந்நிதியில் பொய் நடிப்பு என்பது அவர் கட்சி. பூர்வகுடிகளின் நிலத்தை அவர்களைக் கேளாமல் வழங்க அரசனுக்கு உரிமை ஏது என்றும் கேட்டார். 1635-இல் அவரை நாடு கடத்தத் தீர்ப்பாயிற்று. மறு ஆண்டு ஜனவரிப் பனியில் தப்பி வெளியேறியவருக்குப் பூர்வகுடிகளே புகலிடம் தந்தார்கள். நாரகன்செட் மக்களிடம் நிலம் பெற்று பிராவிடன்ஸ் நகரை அமைத்தார். அதையொட்டி வளர்ந்த ரோட் ஐலண்டுக் குடியேற்றத்தில் குவேக்கர்களும் அச்சமின்றிக் குடியிருந்தார்கள். மேரி டையரின் வீடும் அங்கேதான்.

சகிப்புத்தன்மை என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டதில் பாதி, அந்த விஷயங்களில் எனக்கு அக்கறையே இல்லாததுதான் என்று அப்போது புரிந்தது. வில்லியம்ஸுக்கு அக்கறை இருந்தது. குவேக்கர் போதனையை அவர் மனமார வெறுத்தார். 1672-இல், எழுபதை நெருங்கிய வயதில், அவர்களோடு வாதாட நியூபோர்ட் நகருக்குப் பகலெல்லாம் தாமே துடுப்பு வலித்துப் போனார். அங்கே மூன்று நாள், பிறகு பிராவிடன்ஸில் ஒரு நாள் வாதம் நடந்தது. ஒரே கூச்சல், குறுக்கீடு. எவரும் கொள்கையை விட்டுக் கொடுக்கவில்லை. ஆத்திரம் தீராமல் அவர்களைக் கண்டித்துப் புத்தகமும் எழுதினார். 1676-இல் அது அச்சேறியது எங்கே தெரியுமா? அவரைத் துரத்திய பாஸ்டனில்!

வாதம் முடிந்ததும் கிழவர் தம் வீட்டுக்குப் போனார். குவேக்கர்களும் அவரவர் வீட்டுக்குப் போனார்கள்.