திருவுளச்சீட்டும் தவிசாளர் நாற்காலியும்

இலங்கையில் ஒரு பிரதேச சபையில் எந்தக் கட்சிக்கும் அறுதிப் பெரும்பான்மை கிடைக்காவிட்டால், உள்ளூராட்சி ஆணையாளர் முதல் கூட்டத்தைக் கூட்டுவார்; உறுப்பினர்கள் வாக்களித்துத் தவிசாளரைத் தெரிவுசெய்வார்கள். இருவருக்கும் சம வாக்கு விழுந்தால் திருவுளச்சீட்டுத்தான். இரண்டு தாள் துண்டுகளில் பெயர் எழுதி, மடித்து, குலுக்கி, ஒன்றை எடுத்தால் ஆட்சி யாருக்கென்று தெரிந்துவிடும். கல்பிட்டி பிரதேச சபையின் கீழ் வரும் கண்டக்குழிக்கும் இதே சட்டம். வட்டாரமும் விகிதாசாரமும் கலந்த முறையில் நடந்த 2018 பெப்ரவரி 10 தேர்தலோடு தொங்கு சபைகள் பெருகின. 2025 மே 6 தேர்தலுக்குப் பிறகும் நிலைமை பெரிதாக மாறவில்லை.

சீட்டில் வந்த பெயர் இறைவனின் தீர்ப்பா, வெறும் தற்செயலா? முஸ்லிம்களும் கத்தோலிக்கரும் அருகருகே வாழும் கல்பிட்டிக் குடாநாட்டில் இது ஏட்டுக் கேள்வி அல்ல. இரு மரபுகளும் இதற்கு விடை வைத்திருக்கின்றன.

அம்பு எறிந்து குறிபார்ப்பதைத் திருக்குர்ஆன் தடுக்கிறது. ஆனால் மர்யமை யார் பொறுப்பேற்பது என்பதை எழுதுகோல்களை எறிந்து முடிவுசெய்ததை அதே வேதம் குறிப்பிடுகிறது. பயணத்தில் உடன்வரும் மனைவியை நபிகள் நாயகம் சீட்டுப் போட்டுத் தெரிவுசெய்ததாக ஸஹீஹுல் புகாரி பதிவுசெய்கிறது. உரிமை சமமாக நிற்கும் இடத்தில் மனத்தாங்கல் இல்லாமல் தீர்த்துவைக்கவே சீட்டு; மறைவானதை அறிவதற்கு அல்ல.

விவிலியத்தில் யூதாஸின் இடத்துக்கு மத்தியா வந்ததும் சீட்டால்தான். அதற்கு முன்பே, இயேசுவோடு தொடக்கம் முதல் இருந்தவர்களில் இருவரை மட்டும் பிரித்தெடுத்திருந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாஸ், பங்கு பிரிக்கப் போடும் சீட்டையும் குறி கேட்கப் போடும் சீட்டையும் வேறுபடுத்தினார். திருச்சபைப் பதவிகளைச் சீட்டுப் போட்டுக் கொடுப்பதை அவர் ஏற்கவில்லை.

சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டுகளிலும் (919, 921), முதலில் தகுதி, பிறகு சீட்டு என்ற இதே ஒழுங்கைக் காணலாம். ஓலையைக் குடத்திலிருந்து எடுப்பவன் ஒன்றும் அறியாத சிறுவன். ஆனால் 921ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, 35 முதல் 70 வயதுக்கு உட்படாதவர் பெயரும், பழைய கணக்கைக் காட்டாதவர் பெயரும், அவருடைய உறவினர் பெயரும் குடத்துக்குள்ளேயே போகாது. (அது பிராமணக் குடியிருப்பின் சபை, அனைவருக்குமான மக்களாட்சி என்று அதைக் கொண்டாடுவது மிகை.)

மூன்று இடத்திலும் தகுதி பார்த்த பிறகே சீட்டு. பிரதேச சபையில் சமநிலை பெரும்பாலும் பேரம், கட்சி தாவல், வாக்களிக்காமல் விலகியிருத்தல் ஆகியவற்றின் விளைவு. அங்கே சீட்டு தேர்ந்தெடுப்பது இரண்டு பேரங்களில் ஒன்றை. அதை இறைநாட்டம் என்று மேடையில் சொல்வது, மனிதர் செய்த கணக்கை இறைவன்மேல் போடுவதாகும். தகராறை முடித்துவைக்கும் வழி என்ற அளவில் சீட்டு நியாயமானது. வென்றவருக்கு அது எந்தத் தகுதியையும் தருவதில்லை.

சட்டமும் அப்படித்தான் பார்க்கிறது. சீட்டில் வந்த தவிசாளரும் வரவுசெலவுத் திட்டத்தை உறுப்பினர் வாக்கால் நிறைவேற்றியாக வேண்டும். இரண்டாம் முறையும் அது தோற்றால் பதவி பறிபோகவும் கூடும். 2020 டிசம்பரில் யாழ்ப்பாண மாநகர முதல்வர் இமானுவேல் ஆர்னோல்ட் வரவுசெலவுத் திட்டம் இரண்டாம் முறையும் தோற்றதால் பதவி இழந்தார். அடுத்து வந்த வி. மணிவண்ணன் 21க்கு 20 என ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் வென்றார்.