சட்டம் கரையோடு நின்றுவிடுமா?



கடலோரத்தில் வாழ்ந்த ஒரு கூட்டத்தாரைப் பற்றித் திருமறையின் 'அஃராஃப்' அத்தியாயம் 163-வது வசனம் பேசுகின்றது. சனிக்கிழமை மீன் பிடிக்கலாகாது என்பது அவர்களுக்கு இடப்பட்ட கட்டளை. அந்த நாளிலேதான் மீன்கள் நீருக்கு மேலே வந்து துள்ளின. மற்ற நாட்களில் வரவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? முதல் நாளே பள்ளம் தோண்டி, வலை விரித்து வைத்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து மீனை அள்ளிக்கொண்டார்கள் என்று தஃப்ஸீர் ஆசிரியர்கள் எழுதியிருக்கின்றார்கள். கேட்டால், சனிக்கிழமை நாங்கள் கையைக்கூட நனைக்கவில்லையே என்பார்கள் போலும்!

இந்தத் தந்திரம் அவர்களோடு ஒழிந்துவிட்டது என்று எண்ண வேண்டாம். ஸ்காட்லாந்தில் 1853-ம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் மதுக்கடைகளை மூடிவிட வேண்டும் என்பது அதன் கட்டளை. அந்நாட்டுக் கிறிஸ்தவ மக்கள் தங்கள் ஓய்வு நாளின் கண்ணியத்துக்காகச் செய்துகொண்ட ஏற்பாடு அது. சட்டம் எழுதியவர்கள் கரையைத்தான் நினைத்தார்கள், கப்பலை நினைக்கவில்லை. கிளாஸ்கோ நகரத்துக் கிளைடு ஆற்றிலே பயணிகளை ஏற்றிச் செல்லும் ஸ்டீமர்கள் ஏராளம். அவற்றில் ஞாயிறன்றும் மது கிடைக்கும் என்று கண்டதும், போய்ச் சேரும் ஊர் எதுவாயினும் சரி என்று ஏறிக்கொள்ளும் கூட்டம் பெருகிற்று. தள்ளாடுகிற குடிகாரனை அந்நாட்டார் இன்றும் 'ஸ்டீமிங்' என்கிறார்கள். அந்த ஸ்டீமர்களிலிருந்துதான் இப்பேச்சு வந்தது என்று அங்கே சொல்லிக்கொள்வதுண்டு. 1882-ல் பயணிக் கப்பல்களுக்கென்றே தனியாக ஒரு லைசென்ஸ் சட்டம் கொண்டுவந்துதான் இந்த ஓட்டையை அடைத்தார்கள். அடைப்பதற்கு 29 ஆண்டுகள்!

அதே கிளைடு ஆற்றில்தான் 1880-ல் 'ஐவன்ஹோ' என்ற ஸ்டீமர் ஓடத் தொடங்கியது. கேப்டன் ஜேம்ஸ் வில்லியம்சன் நடத்திய அந்தக் கப்பலில் ஒரு சொட்டு மதுவும் விற்பதில்லை என்று விதி வைத்தார்கள். குடும்பத்தோடு போகிறவர்கள் அதை விரும்பி ஏறினார்கள். பல ஆண்டுகள் அது அவ்வாறே ஓடிற்று. மது விற்காவிட்டால் கப்பல் தொழில் படுத்துவிடும் என்று வாதிப்பவர்களுக்கு இதைச் சொல்லி வைக்கலாம். அதை நடத்தியவர்கள் முஸ்லிம்களல்லர் என்பதையும் நம்மவர்கள் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இக்காலத்துக்கு வருவோம். ஸ்வீடனிலும் பின்லாந்திலும் வலுவான மதுவைச் சில்லறையில் விற்பது அரசாங்கக் கடைகள், வரியும் அதிகம். 1999-ல் ஐரோப்பிய ஒன்றியம் தன் நாடுகளுக்கிடையே ஓடும் கப்பல்களில் வரியில்லா விற்பனையை நிறுத்தியது. ஆனால் நடுக்கடலில் இருக்கும் ஓலந்து தீவுகளுக்கு வரி விஷயத்தில் விலக்கு உண்டு. ஆகவே ஸ்டாக்ஹோமுக்கும் ஹெல்சின்கிக்கும் இடையே ஓடும் பெரிய கப்பல்கள் இரவோடு இரவாக அந்தத் தீவில் ஒதுங்கிச் சற்று நேரம் நின்றுவிட்டுப் போகின்றன. அவ்வளவுதான், கப்பல் கடையில் வரியில்லா மது! சனிக்கிழமைப் பள்ளத்துக்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

குடிப்பது அவனவன் சொந்த விஷயம் என்று சிலர் பேசுகின்றார்கள். இதற்குப் பதிலாகவே அமைந்ததுபோல் ஒரு ஹதீஸ் புகாரியில் இருக்கின்றது. ஒரு கப்பலில் சிலர் மேல்தட்டிலும் சிலர் கீழ்த்தட்டிலும் இருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் மேலே போய்த் தண்ணீர் கொண்டுவருவது தொல்லை என்று கீழே இருந்தவர்கள் தங்கள் பகுதியிலேயே துளையிட எண்ணினார்கள். விட்டுவிட்டால் எல்லோரும் அழிவார்கள். கையைப் பிடித்துத் தடுத்தால் எல்லோரும் தப்புவார்கள் என்பது நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தந்த விளக்கம். தரையிலே குடிகாரன் வந்தால் நாம் அடுத்த தெருவில் திரும்பிவிடலாம். கப்பலில் எங்கே திரும்புவது? அவன் கத்துகிற கூடத்தில்தான் பச்சைக் குழந்தையும் படுத்திருக்கின்றது. தீயோ புயலோ வந்தால் உயிர்காப்பு அங்கியை மாட்டத் தெரியாமல் படிக்கட்டை அடைத்துக்கொண்டு நிற்பவனும் அவன்தான்.

இது அரசாங்கங்களுக்கும் தெரியும். குடித்துவிட்டு ஒழுங்கீனமாக வருபவனைக் கட்டணத்தைத் திருப்பிக் கொடுத்து ஏற்ற மறுக்கலாம் என்று பிரிட்டனின் 1995-ம் ஆண்டுக் கப்பல் சட்டம் இடம் தருகின்றது. மாலுமிகளின் இரத்தத்தில் இத்தனைக்கு மேல் மது இருக்கலாகாது என்று 2003-ல் அளவு வைத்தார்கள். வாசலிலே குடிகாரனைத் தடுத்துவிட்டு, உள்ளே லைசென்ஸோடு அவனை உண்டாக்கினால் யாருக்கு என்ன லாபம்?

நமது வீடுகளுக்கு இதில் என்ன என்று கேட்கலாம். பயணிக் கப்பல்களில் வேலைக்குப் போகிற பிள்ளைகள் நம்மிலும் உண்டு. "நான் குடிக்கவில்லை, கோப்பையைத்தான் எடுத்துக் கொடுக்கிறேன்" என்று அவர்கள் எழுதுகின்றார்கள். மது சம்பந்தமாகப் பத்துப் பேர் சபிக்கப்பட்டதாக திர்மிதீயில் வரும் ஹதீஸில் குடிப்பவனோடு ஊற்றிக் கொடுப்பவனும், சுமப்பவனும், விற்பவனும், அந்தக் காசைச் சாப்பிடுபவனும் இருக்கின்றார்கள். ஆகவே கடிதம் எழுதும் தாய்மார்கள், பணம் வந்து சேர்ந்ததா என்று மட்டும் எழுதாமல், மகன் எந்தப் பிரிவில் நிற்கிறான் என்றும் கேட்டு எழுதட்டும். அதே கப்பலில் இயந்திர அறை இருக்கின்றது, சலவை இருக்கின்றது, அறைகளைத் துப்புரவு செய்யும் வேலையும் இருக்கின்றது. சம்பளம் சற்றுக் குறையலாம். மது மேஜையிலிருந்து மாற்றிக் கொடுங்கள் என்று மேலதிகாரியிடம் கேட்க வெட்கமில்லை. முதல் மாதத்திலேயே கேட்டுவிடுவது எளிது.