ஜாக்கியும் தவக்கலும்

வியாபாரத்தில் இருக்கும் நம்மவர்களின் நாவில் அடிக்கடி வரும் வார்த்தை, "அல்லாஹ் காப்பாற்றுவான்" என்பது. சரக்கு வாங்கும்போதும் சொல்கிறோம், கடன் கொடுக்கும்போதும் சொல்கிறோம், பிரயாணம் புறப்படும்போதும் சொல்கிறோம். ஈமானுள்ளவன் சொல்ல வேண்டிய வார்த்தைதான் அது; அதில் ஐயமில்லை. ஆனால் நாவு அதைச் சொல்லும் நேரத்தில் நம் கை என்ன செய்துகொண்டிருக்கிறது என்பதையும் கவனிக்க வேண்டாமா? சரக்கு ஏற்றிய வேன் நடுவழியில் பஞ்சராகி நிற்கிறது. துருப்பிடித்த ஜாக்கி ஒன்றைச் சரிவான இடத்தில் வைத்து வண்டியைத் தூக்கியாயிற்று. முதலாளி கடைப் பையனைப் பார்த்து, "தம்பி, கீழே நுழைந்து ஸ்பேர் டயரை இறக்கப்பா, அல்லாஹ் காப்பாற்றுவான்" என்கிறார். இது தவக்கல்தானா? அல்லது நம் அசட்டைக்கு நாம் போர்த்திய போர்வையா? இந்தக் கேள்வியைத்தான் சகோதரர்களோடு சேர்ந்து சிந்திக்க விரும்புகிறோம்.

"ஒரு ஜாக்கிக்காகவா இவ்வளவு பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். மளிகையோ, ஜவுளியோ, இரும்புச் சாமானோ, சாப்பாட்டுக் கடையோ, எதுவானாலும் இன்று வண்டியில்லாமல் வியாபாரம் நடப்பதில்லை. வண்டி என்றால் டயர். டயர் என்றால் என்றாவது ஒருநாள் பஞ்சர். ஆகவே இது நமக்கு அந்நியமான விஷயம் அல்ல.

ஜாக்கியின் வேலை என்ன?

ஜாக்கி தூக்குவதற்கு உண்டான கருவி. தாங்கிக்கொண்டே நிற்பதற்கு உண்டானதல்ல. இந்த வித்தியாசத்தை அறியாததால்தான் உயிர்கள் போகின்றன. காரோடு வரும் கத்தரி ஜாக்கியில் முழுப் பாரமும் ஒரே திருகுக் கம்பியையும் சில ஊசிகளையும் நம்பி நிற்கிறது. மரை தேய்ந்தாலோ துருவேறினாலோ அந்த நம்பிக்கை போயிற்று. எண்ணெயால் தூக்கும் பாட்டில் ஜாக்கியில் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் பழுதானாலும், வால்வில் தூசி புகுந்தாலும் எண்ணெய் கசிந்து பாரம் இறங்கத் தொடங்கும். சில சமயம் கண்ணுக்குத் தெரியாத மெதுவில் இறங்கும். சில சமயம் திடீரென்று விழும்.

ஜாக்கி நல்லதாக இருந்தாலும் வைக்கும் இடம் கெட்டால் காரியம் கெடும். மழையில் ஊறிய செம்மண் ஓரத்தில் அதன் அடி புதையும். மத்தியான வெயிலில் இளகிய தாரிலும் அப்படியே. சரிவில் வண்டி இரண்டு அங்குலம் உருண்டால் போதும், ஜாக்கி சாய்ந்துவிடும். நேர்மேலே வரும் பாரத்துக்குத்தான் அது செய்யப்பட்டது, பக்கத்து இழுப்புக்கு அல்ல. பெரும்பாலான வண்டிகளில் கைப்பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. பின்சக்கரம் ஒன்றைத் தூக்கிவிட்டால், மிச்சமிருப்பது ஒரே ஒரு சக்கரத்தின் பிடிப்புத்தான். இவற்றோடு, ஒரு டன் காருக்கு உண்டான ஜாக்கியை அரிசி மூட்டைகள் அடுக்கிய வேனுக்கு வைப்பவர்களும் இருக்கிறார்கள். அந்த ஜாக்கி பேசக்கூடுமானால் நம்மிடம் நியாயம் கேட்கும்.

டயர் மாற்றுவதற்கு உண்மையில் யாரும் வண்டிக்கு அடியில் போக வேண்டியதே இல்லை. பின் ஏன் போகிறார்கள்? வேன், பிக்கப் வண்டிகள் பலவற்றில் ஸ்பேர் டயர் அடிப்பக்கத்தில் தொங்குகிறது. வண்டியைத் தூக்கிய பிறகுதான் அதன் ஞாபகம் வருகிறது. அல்லது கழற்றிய நட்டு ஒன்று உள்ளே உருண்டு ஓடிவிடுகிறது. அதை எடுக்கக் கையும் தலையும் நுழைகின்றன. ஒரு நட்டின் விலை என்ன, ஒரு தலையின் விலை என்ன?

தவக்கல் எது?

ஒருவர், ஒட்டகையைக் கட்டிவிட்டு அல்லாஹ்வை நம்புவதா, அவிழ்த்துவிட்டு நம்புவதா என்று கேட்டபோது, கட்டிவிட்டு நம்பும்படி நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் போதித்த செய்தி திர்மிதியில் வருகிறது. இதை நம் பிள்ளைகள் மதரஸாவிலேயே கேட்டு வளர்கிறார்கள். கேட்டதைச் சாலையோரத்தில் நினைக்கிறோமா என்பதுதான் கேள்வி. கயிறும் அல்லாஹ்வின் படைப்பு, அதைக் கட்டும் கையும் அவன் கொடுத்தது. அவன் கொடுத்ததை உபயோகிக்காமல் போட்டுவிட்டு அவனிடமே பாதுகாப்பைக் கேட்பது, கடை வாசலைத் திறந்துபோட்டுவிட்டு வீட்டில் போய்த் தூங்குவதற்குச் சமம். அப்படி நம்மில் எவரும் தூங்குவதில்லை. பணப்பெட்டிக்குப் பூட்டு இரண்டு போடுகிற நாம், மனிதன் படுக்கும் இடத்தில் மட்டும் ஒரே ஜாக்கியை நம்புகிறோம்.

"மௌத் எழுதியிருந்தால் எப்படியும் வரும், முட்டுக்கட்டை வைத்துத் தடுக்க முடியுமா?" என்பார்கள் சிலர். இந்த வாதம் புதிதல்ல. ஹிஜ்ரி 18-ஐ ஒட்டிய காலத்தில், ஷாம் தேசத்தை நோக்கிப் புறப்பட்ட ஹலரத் உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை அறிந்து, தோழர்களோடு ஆலோசித்துத் திரும்பிவிடத் தீர்மானித்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று ஹலரத் அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். நாம் ஓடுவதும் அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் என்ற கருத்தில் பதில் வந்தது. காய்ந்த நிலத்தை விட்டுப் பசும்புல் நிலத்தில் ஒட்டகையை மேய்ப்பவனும் அல்லாஹ்வின் விதிப்படியே மேய்க்கிறான் என்றும் விளக்கினார்கள். முட்டுக்கட்டை வைப்பதும் களா-கத்ருக்குள் அடங்கியதுதான். வைக்காமல் விடுவது மட்டுமே விதி என்று நமக்கு யார் சொன்னது?

"எத்தனையோ தடவை இப்படித்தான் செய்தோம், ஒன்றும் ஆகவில்லையே" என்பது இன்னொரு பேச்சு. ஒன்றும் ஆகாமல் போனது ரப்புல் ஆலமீனின் ரஹ்மத். அதற்கு ஷுக்ரு செய்ய வேண்டியது நம் கடமை. அதையே ஜாக்கியின் கெட்டித்தனத்துக்குச் சாட்சியாக ஆக்குவது நன்றியுள்ளவன் செய்கிற காரியமல்ல.

யாருடைய உயிர்?

விஷயத்தின் கடினமான பகுதி இதுதான். தன் உயிரைக்கூட அசட்டையாக வைக்க ஒருவனுக்கு உரிமையில்லை என்று மார்க்கம் சொல்கிறது. அப்படியிருக்க, பிறர் உயிரைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா? வண்டிக்கு அடியில் நுழைகிறவர் பெரும்பாலும் முதலாளி அல்லர். குடும்பத்துக்குப் பணம் அனுப்பக் கடல் கடந்து வந்த ஊழியர். "பயமாக இருக்கிறது" என்று சொன்னால் வேலை போய்விடுமோ என்று அஞ்சி, "சரிங்க முதலாளி" என்று படுத்துவிடுவார். அவர் சம்மதித்தார் என்று நாம் சொல்லலாம். வேறு வழியில்லாதவரின் சம்மதம் எவ்வளவு பெறும் என்பதை நம் மனசாட்சியே நிறுத்துப் பார்க்கட்டும்.

நம் கைக்குக் கீழே இருப்பவர்கள் நம் சகோதரர்கள். அவர்கள் சக்திக்கு மீறிய வேலையைச் சுமத்தாதீர்கள், சுமத்தினால் கூட நின்று உதவுங்கள் என்ற கருத்துள்ள ஹதீஸ் புகாரியில் இருக்கிறது. நாம் ஆலிம்கள் அல்ல. ஃபத்வா கொடுக்க வரவில்லை. ஆயினும் ஃபிக்ஹு ஓதியவர்கள் அறிந்த ஓர் உதாரணம் உண்டு. பொதுவழியில் உரிமையின்றி ஒருவன் கிணறு தோண்டி வைத்து, அதில் இன்னொருவன் விழுந்து இறந்தால், தோண்டியவன் கையால் தள்ளவில்லையே என்று விட்டுவிடுவதில்லை. பொறுப்பு அவன் பக்கம் திரும்புகிறது. பழுதான ஜாக்கியைக் கொடுத்து உள்ளே அனுப்புகிறவரின் நிலையை இதோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

அரசாங்கச் சட்டமும் இதையே பேசுகிறது. மலேசியாவின் 1994ஆம் ஆண்டுத் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம், ஊழியர்களின் பாதுகாப்பை இயன்றவரை உறுதிசெய்வதை முதலாளியின் கடமையாக்குகிறது. 2024 ஜூன் 1 முதல் அமலான திருத்தத்தால் அது ஏறக்குறைய எல்லா வேலையிடங்களுக்கும் விரிந்திருக்கிறது. சிங்கப்பூரின் 2006ஆம் ஆண்டுச் சட்டமும் 2011 செப்டம்பர் முதல் எல்லா வேலையிடங்களையும் தழுவியது. சிறு கடைதானே என்று ஒதுங்க இடமில்லை.

பிள்ளையை இழந்த தாய், "அல்லாஹ்வின் நாட்டம்" என்று சொல்லி மனதைத் தேற்றிக்கொள்வது ஸப்ரு. அதே வார்த்தையை, அந்தப் பிள்ளையை அடியில் அனுப்பியவர் சொல்லித் தப்பித்துக்கொள்வது ஸப்ரு ஆகாது. களா-கத்ர் இழந்தவருக்கு ஆறுதல். இழப்புக்குக் காரணமானவருக்கு ஒளிந்துகொள்ளும் இடமல்ல.

விற்பவரின் பங்கு

இரும்புச் சாமான் வியாபாரம் செய்யும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. 2020 மார்ச்சில் அமெரிக்காவில் ஹார்பர் ஃபிரெயிட் என்ற நிறுவனம், தான் விற்ற சுமார் 17 லட்சம் தாங்குகால்களைத் திரும்ப அழைத்தது. ஜாக்கி தூக்கிய வண்டியைத் தாங்குவதற்கென்றே வைக்கும் முக்காலிகள் அவை. அவற்றின் பற்கள் சரியாகக் கவ்வாமல், பாரம் அசைந்தால் திடீரென இறங்கக்கூடும் என்பது காரணம். அதே ஆண்டு ஜூலையில், மாற்றாகக் கொடுத்தவற்றிலும் ஒரு பகுதியில் ஒட்டுக் குறை இருப்பது தெரிந்து, அவற்றையும் திரும்ப அழைத்தது. பெரிய நிறுவனத்தின் சாமானும் பழுதாகலாம் என்பது ஒரு பாடம். பழுது தெரிந்தால் வெளியே சொல்லித் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும் என்பது மறு பாடம். தானியக் குவியலின் அடியில் இருந்த ஈரத்தைக் கைவிட்டுப் பார்த்து, அதை ஜனங்கள் காணும்படி மேலே வைக்க வேண்டாமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் முஸ்லிம் ஷரீபில் இருக்கிறது. எண்ணெய் கசியும் ஜாக்கியைத் துடைத்து, வர்ணம் அடித்து, அலமாரியில் வைப்பதும் அந்த ஈரத்தை மறைப்பதுதான். தானியம் ஈரமானால் வாங்கியவருக்குப் பணம் நஷ்டம். ஜாக்கி ஈரமானால் நஷ்டம் எதுவென்று சொல்லத் தேவையில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவது, நெடுஞ்சாலையில் பஞ்சரானால் நாமே மாற்ற முனையாமலிருப்பது மேல். ஜாக்கி விழுவதைவிட, பின்னால் விரைந்து வரும் லாரி பெரிய அபாயம். எச்சரிக்கை விளக்கைப் போட்டு, எல்லோரும் இறங்கித் தடுப்பு வேலிக்கு அப்பால் நின்றுகொண்டு உதவிக்கு அழைக்கலாம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் பிளஸ் நிறுவனத்தின் ரோந்து வண்டிகள் உண்டு. சிங்கப்பூர் விரைவுச்சாலைகளில் நிலப் போக்குவரத்து ஆணையத்தின் மீட்பு வண்டி உண்டு.

இரண்டாவது, வேறிடமானால் சமமான, கெட்டியான தரைக்கு வண்டியை மெல்ல ஓட்டிச் செல்லுங்கள். டயர் கிழிந்தாலும் பரவாயில்லை. டயர் கடையில் கிடைக்கும். ஆட்களை இறக்குங்கள், பாரமான சரக்கையும் இறக்குங்கள். கைப்பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, தூக்கும் சக்கரத்துக்கு எதிர்மூலையில் உள்ள சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

மூன்றாவது, ஸ்பேர் டயரை முதலிலேயே வெளியே எடுத்துவிடுங்கள். நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே சற்றுத் தளர்த்துங்கள். தூக்கிய பிறகு பலங்கொண்டு இழுத்தால் வண்டி ஆடும். வண்டிப் புத்தகத்தில் காட்டிய இடத்தில் மட்டுமே ஜாக்கியை வையுங்கள். தரை இளகலாக இருந்தால் அடியில் அகலமான பலகை இருக்கட்டும்.

நான்காவது, வண்டி உயர்ந்ததும் ஸ்பேர் டயரையும், அதை மாட்டும்போது கழற்றிய டயரையும் வண்டியின் சட்டத்துக்குக் கீழே படுக்க வையுங்கள். ஜாக்கி ஏமாற்றினாலும் வண்டி அதன்மேல் விழும். உடம்பின் எந்தப் பகுதியும் உள்ளே போகக் கூடாது. அடியில் பழுது பார்க்கும் வேலை பட்டறைக்காரருடையது. அவரும் தாங்குகால் வைக்காமல் செய்யக் கூடாது.

இவற்றுக்கு ஆகும் நேரம் பத்து நிமிஷம் கூடுதல். செலவு, சில கட்டைகளும் ஒரு பலகையும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஜாக்கியை எடுத்துச் சோதித்துப் பார்ப்பது இன்னும் நல்லது. இவ்வளவும் செய்தபின் "அல்லாஹ் காப்பாற்றுவான்" என்று சொன்னால், அந்த வார்த்தைக்கு உரிய இடத்தை நாம் கொடுத்தவர்களாவோம். நம்மையும், நம்மை நம்பி வந்த பிள்ளைகளையும், அவர்களுக்காக ஊரில் காத்திருக்கும் பெற்றோர்களையும் வல்ல அல்லாஹ் தன் காவலில் வைத்தருள்வானாக. ஆமீன்.